கேட்காமல் எடுத்த சிரிப்பு

பங்காருபாளையம்,
2 மார்ச் 2025

ஹரிதாவுக்கு அக்கா அகிலா எழுதுவது.

மங்கைக்குச் சளி விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். என் மாமியாருக்கு முட்டிவலி அப்படியேதான். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை வேளைக்குக் கொடுக்கிறாயா? இதை விசாரிக்கத்தான் கடிதம் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இத்தனை நாளாக அக்காவின் போன் ஏன் அணைந்தே கிடக்கிறது என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

போன் என்னிடம் இல்லை. மூத்தார் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சின்ன மாமா பெண் கல்யாணத்தில் நீ எடுத்த படம் ஒன்றை உங்கள் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறாய். சாப்பாட்டுப் பந்தியில் நான் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து சிரிக்கிறேன். பக்கத்தில் உன் முதலாளி பாஸ்கர் என் காதுப்பக்கம் குனிந்திருக்கிறார். மேலே உங்கள் விளம்பர வாசகம்: 'போஸ் இல்லை, நடிப்பு இல்லை.' அது மாங்காய் மண்டி வரைக்கும் வந்துவிட்டது. மூத்தார் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது யாரோ அவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, "இது உன் தம்பி சம்சாரம்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டார்.

"முரளி போயி வருஷம்கூட திரும்பல. அதுக்குள்ள எவனோ ஒருத்தன் பக்கத்துல உக்காந்துக்கினு இத்தினி பல்லும் காட்டிக்கினு இக்கிறியே, இன்னாம்மா இது?"

படத்தை ஒரு நொடி என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டுப் போனை இழுத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும், ஜூனில் என் வீட்டுக்காரருக்கு வருஷத் திதி முடிந்ததும் மங்கையை அழைத்துக்கொண்டு சித்தூருக்குப் போய் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேருவதாக இருந்தேன். மூத்தாரே சரி என்று தலையாட்டியிருந்தார். இப்போது அவர் சொல்வது வேறு. "நீ எங்க வேணா போ. பொண்ணு எங்க ரத்தம், இங்கதான் இருக்கும்."

படத்தை எடுத்துவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே எடு. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே, அவள் தாங்க மாட்டாள். பதிலை அங்கன்வாடி தேவயானி டீச்சர் பேருக்குப் போடு. அவள் என் கையில் சேர்த்துவிடுவாள்.

அகிலா

*

திருச்சானூர்,
12 மார்ச் 2025

என் அக்காவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள், மாத்திரை போட்டுக்கொள்கிறாள். மங்கைக்கு ராத்திரியில் மிளகுப்பால் கொடு. போன் அணைந்திருந்ததைப் பார்த்தேன் அக்கா, சார்ஜர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துவிட்டேன். நம் வீட்டில் கடிதம் வந்து எத்தனை வருஷம் ஆகிறது! தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது பயந்தே போனேன்.

உன் மூத்தார் பழைய காலத்து ஆள். நாலு நாள் கத்துவார், அடங்கிவிடுவார். ஆனால் அந்தப் படத்தை நீ பார்த்தாயா? ஒழுங்காகப் பார்த்தாயா? நான் கேமரா பிடித்த நாளிலிருந்து அப்படி ஒரு முகம் எனக்குக் கிடைத்ததில்லை. மேடையில் மாப்பிள்ளை, பெண்ணை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். வந்தவர்கள் முகத்தை அவர்களுக்கே தெரியாமல் பிடிப்பதுதான் எங்கள் வேலை. அதைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்திலிருந்துகூடக் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள், "அந்த அம்மா யாருங்க, எவ்ளோ அழகா சிரிக்கிறாங்க" என்று.

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. நீ சிரித்தாய், நான் தூரத்திலிருந்து எடுத்தேன், அவ்வளவுதான். படத்தை நீக்குவது பற்றி பாஸ்கரிடம் பேசுகிறேன். ஸ்டுடியோ அவருடையது, நானாக எதையும் செய்ய முடியாது.

கவலைப்படாதே. மங்கைக்கு என் முத்தம்.

ஹரிதா

*

பங்காருபாளையம்,
18 மார்ச் 2025

ஹரிதா,

எல்லாரும் இருக்கிறோம். அம்மாவின் உடம்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன், சந்தோஷம்.

'நான் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். வருஷம் திரும்பாத நேரத்தில் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொன்னவளை, போனில் அழுது வரவழைத்தது நீ. என் மாமியார்கூட, "போயி ஓரமா உக்காந்து சாப்ட்டு வாம்மா, உங்க ஆயி மூஞ்சியப் பாத்துட்டு வா" என்று அனுப்பினார்கள். நான் மேடைப்பக்கமே போகவில்லை. கடைசிப் பந்தியில், கடைசி இலையில் உட்கார்ந்தேன். வரதராஜன் மாமா எதிர்வரிசையில் இருந்தார். அப்போது உன் பாஸ்கர் காலியாக இருந்த பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாயசம் வந்தது. அவர் என் பக்கம் குனிந்து, "பாயசத்தைக் கலக்கிப் பாத்துட்டு குடிங்க. எதிர்ல வரதராஜன் மாமா இக்கிறாரு" என்றார்.

எனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நீ மூணாவது, நான் எட்டாவது படிக்கும்போது நகரியில் ஒரு கல்யாணத்தில் மாமாவின் பல்செட் பாயசத்தில் விழுந்ததும், அவர் கரண்டியால் துழாவியதும், நாம் இரண்டு பேரும் பந்தியை விட்டு எழுந்தோடியதும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. வயிறு நோகச் சிரித்தேன். அப்போதே ஒரு நொடி யோசித்தேன், இது இவருக்கு எப்படித் தெரியும் என்று. அந்தக் கதையை நாம் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மாமாவை விட்டால் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான்.

அவரை அனுப்பியது யார்? என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார்? அவர் குனிந்த நேரத்தில் உன் கேமரா ஏன் மணமேடையை விட்டுவிட்டுக் கடைசிப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது?

இதற்குப் பதில் எழுது. வேறு எதையும் எழுதாதே.

அகிலா

*

திருச்சானூர்,
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உகாதி வேலை. அதற்கு முன்னால் அம்மாவுக்குப் பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். இப்போது குறைந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து முகூர்த்தங்கள் ஆரம்பம். திருமலையில் இரண்டு, கீழே நாலு. நிற்க நேரமில்லை. இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது, உங்கள் பக்கம் எப்படி? மாம்பிஞ்சு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறதாமே.

படத்தைப் பற்றி பாஸ்கரிடம் பேசினேன். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் வந்திருக்கிறது, இப்போது எடுத்தால் கேட்பார்கள் என்கிறார். ஜனங்கள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் அக்கா. அடுத்த படம் வந்தால் இந்தப் படம் போய்விடும்.

மங்கைக்கு ஒரு கவுன் வாங்கி இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் நிறம் அவளுக்கு எடுக்கும். போட்டுப் பார்த்து அளவு சரியா என்று எழுது.

ஹரிதா

*

பங்காருபாளையம்,
8 ஏப்ரல் 2025

ஹரிதா,

கவுனை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அளவு சரியாக இருந்தது.

நான் கேட்டது மூன்று கேள்வி. நீ எழுதியது வெயில், மாம்பிஞ்சு, உகாதி. ஒரு பக்கம் முழுக்க எழுதி அந்தப் பாயசத்தை மட்டும் தொடாமல் தாண்டியிருக்கிறாயே, அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதை எனக்கு ஒரு கார்டில் எழுதிப் போட உனக்கு நேரமில்லை. கவுன் வாங்க நேரம் இருந்திருக்கிறது.

மறந்துவிடுவார்கள் என்கிறாய். இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். மங்கையை ஒரு பையன், "உங்கம்மா சினிமாக்காரியா?" என்று கேட்டிருக்கிறான். அவள் வந்து என்னிடம் கேட்கிறாள். ஏழு வயசுப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

வருகிற இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்ப் பெரியவர்களை மூத்தார் கூப்பிட்டிருக்கிறார். மங்கை யாரிடம் இருப்பது என்று பேசப்போகிறார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று தேவயானி டீச்சர் சொல்கிறாள். சட்டம் சித்தூர் கோர்ட்டில் இருக்கிறது, என் பெண் இந்த வீட்டில் இருக்கிறாள்.

நீ வர வேண்டும். பாஸ்கரையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும். வந்து நாலு பேர் முன்னால் நின்று, 'இவளைச் சிரிக்க வைத்தது நான், அந்த ஆளை அனுப்பியது நான்' என்று சொன்னால் போதும். உன் வேலையில் யாரையாவது ஏவிவிட்டுத்தான் சிரிக்க வைக்கிறாய் என்பது வெளியே வந்துவிடும், 'நடிப்பு இல்லை' என்று பலகையில் எழுத முடியாது. தெரிந்துதான் கேட்கிறேன். உன் பலகை பெரிதா, என் பெண் பெரிதா என்று முடிவு பண்ணு.

அகிலா

*

திருச்சானூர்,
14 ஏப்ரல் 2025

சிரஞ்சீவி அகிலாவுக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. புது வருஷம் உனக்கும் பாப்பாவுக்கும் நல்லபடியாக இருக்கணும். பத்மாவதித் தாயாரை வேண்டிக்கொண்டு வந்தேன்.

உன் போன் ரிப்பேர் என்று ஹரிதா சொன்னாள். உனக்குக் கடிதம் எழுதுகிறாளாம், அட்ரஸ் வாங்கி நானும் எழுதுகிறேன். எனக்கு இப்போது தலைசுற்றல் இல்லை. பயப்படாதே.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். ஹரிதா உனக்கு எழுதியிருப்பாள், இருந்தாலும் என் வாயால் சொல்ல ஆசை. அந்த ஸ்டுடியோவில் அவளைப் பங்குதாரர் ஆக்கிவிட்டார்கள். போர்டில் பாஸ்கர் பேருக்குப் பக்கத்தில் ஹரிதா பேரும் போட்டிருக்கிறது. உங்கள் நைனா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அந்த போர்டுக்கு மேலே உன் படம்தான்! மாடி உயரத்துக்கு இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் போய் ரோட்டிலே நின்று பார்த்தேன். நீ அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆச்சு. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பூக்காரி ஒருத்தி இன்னாம்மா என்று கேட்டாள், என் பெரிய பொண்ணு என்று சொன்னேன்.

உன் தங்கை உன்மேல் உயிராக இருக்கிறாள் அகிலா. ராத்திரியில் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னவோ வேலைக் கவலை. நீ நல்லதாக நாலு வார்த்தை எழுது.

அம்மா

*

பங்காருபாளையம்,
16 ஏப்ரல் 2025

ஹரிதா,

அம்மாவின் கடிதம் வந்தது. அவள் சுகமாக இருப்பது தெரிந்தது.

ஒரு மாதம் பொறுக்கச் சொன்னது போர்டு மாட்டுவதற்காகவா? நான் படத்தை எடு என்று எழுதுகிறேன், நீ அதை மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி ரோட்டில் நிறுத்தியிருக்கிறாய். என் வாய்க்குக் கீழே உன் பேர்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சித்தூர் பஸ் இங்கே வரும். அதில் நீ இருக்க வேண்டும்.

அகிலா

*

திருச்சானூர்,
18 ஏப்ரல் 2025

அக்கா,

அம்மா நலம். நான் இருக்கிறேன்.

ஞாயிறு பெரிய முகூர்த்தம். ஒத்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது, விட முடியாது. பாஸ்கர் எங்கேயும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என்னைப் புரிந்துகொள். இதோடு தனித் தாளில் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர்கள் முன்னால் அதைப் படித்துக் காட்டு. நான் நேரில் வந்து சொல்வதற்குச் சமம்தான் அது.

ஹரிதா

[தனித் தாளில்]

ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம். என் அக்கா அகிலா மிகவும் ஒழுக்கமானவர். திருமணத்தில் யாரோ ஒருவர் சொன்ன நகைச்சுவையைக் கேட்டு எதேச்சையாகச் சிரித்துவிட்டார். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, ஹரிதா.

*

சித்தூர்,
27 ஏப்ரல் 2025

ஹரிதா,

மேலே ஊர்ப் பேரைப் பார்த்திருப்பாய். நானும் மங்கையும் இப்போது சித்தூரில் இருக்கிறோம். தேவயானி டீச்சரின் சித்தி வீட்டு மாடியில் ஓர் அறை. மங்கை சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஊரில் இருக்கிற பாட்டியை நினைத்து, ஆயா எப்ப வரும் என்று கேட்கிறாள். உன் கடிதம் எல்லாம் முடிந்து மூன்று நாள் கழித்து டீச்சர் கைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. அந்தத் தனித் தாளைப் படித்தேன். 'யாரோ ஒருவர்' என்று எழுதியிருக்கிறாய். கிழித்துப் போட்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

காலையிலேயே வாசலில் வாடகை நாற்காலி போட்டார்கள். பத்துப் பதினைந்து பேர். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் சின்னசாமி நடுவில் உட்கார்ந்தார். பெண் பிள்ளை என்று அங்கே இருந்தது நானும், கதவோரம் என் மாமியாரும்தான். ஒன்பது மணி பஸ் வந்தது. மூட்டையோடு ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் நீ என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டேன். வேறு யாரோ.

மூத்தார் போனைச் சுற்றி அனுப்பினார். ஒவ்வொருவரும் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். முதலில் என் முகம், அப்புறம் என் வாய், அப்புறம் பாஸ்கர் குனிந்திருக்கிற இடம். நான் எதிரில் நிற்கிறேன். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார்கள்.

சின்னசாமி கடைசியாகத் தலையை நிமிர்த்தினார். "இங்க பாரும்மா, இது நீதானே? பக்கத்துல இக்கிற ஆளு யாரு? இன்னா சொன்னான், இந்தச் சிரிப்பு சிரிக்கிற?"

என் தங்கை ஏவிவிட்ட ஆள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வாரமாக அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. நான் ஏன் இதற்கு ஆள் தேட வேண்டும்? சிரித்தது தப்பு என்று நானே ஒத்துக்கொண்டு, அந்தத் தப்பை உன் தலையில் வைக்கத்தானே இத்தனை நாளாக பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்? எனக்கு உன்மேல் இருந்த கோபம் போகவில்லை. அவர்கள்மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

"நான்தான்," என்றேன். "சிரிச்சேன். யாரும் என் வாயைப் புடிச்சி இழுக்கல. சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன். பத்து மாசமா அழுதேனே, அதுக்கு ஒருத்தராவது நாக்காலி போட்டு உக்காந்தீங்களா? ஒரு நாளு சிரிச்சதுக்கு இத்தினி பேரு வந்துட்டீங்க."

மூத்தார் எழுந்தார். அவர் என்னை அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"அன்னிக்கு லோடு கூட நான் போவ வேண்டியது. காய்ச்சல்னு சொல்லி அவன அனுப்சேன். லாரி கவுந்துச்சி. எனக்கு இன்னமும் சோறு எறங்கல. இவ எப்டிய்யா சிரிக்கிறா? எப்டி இவளால முடியிது?"

அவர் என்னைவிட அதிகமாக அழுதிருக்கிறார், எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்: "உங்களுக்குச் சிரிப்பு வரலன்னா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன் மாமா? என் பொண்ணு இன்னா பண்ணுவா?"

கடைசியில் சின்னசாமி, திதி முடியட்டும், அதுவரை குழந்தை இங்கேயே இருக்கட்டும், அப்புறம் கூடிப் பேசுவோம் என்றார். அப்புறம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். "நீங்க சொன்னத கேட்டுக்கினேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானும் பாப்பாவும் போறோம். தடுக்கிறதா இருந்தா போலீஸ கூப்புடுங்க. நானும் கூப்புடுறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

காலையில் மூத்தார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றேன். அப்போது என் மாமியார் நொண்டிக்கொண்டே வந்தார்கள். கையில் மங்கையின் துணிப்பை. ராத்திரியே மடித்து வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது.

"வழிய வுடுடா," என்றார்கள்.

"அம்மா, உனக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? பெத்த புள்ளைய பறிகுடுத்துட்டு நான் இருக்கிற இருப்பு எனக்குத் தெரியும். அத இவளுக்கும் குடுக்க என்னால முடியாது. வுடுடா வழிய."

மூத்தார் நகர்ந்தார். மாமியார் பஸ் வரும் வரை எங்களோடு நின்றார்கள். மங்கைக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டினார்கள். பஸ் கிளம்பியபோது மட்டும் என்னிடம், "திதிக்கு வந்துடு" என்றார்கள்.

இதுதான் நடந்தது. கூடப் பிறக்காத ஒருத்தி செய்ததை நீ செய்யவில்லை. மாமியார் கொடுத்த துணிப்பைக்குள் என் போனும் இருந்தது, ஆனால் உன்னைக் கூப்பிட மாட்டேன். போனில் பேசினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். எழுத்தில் உன்னால் முடியாது.

அகிலா

*

திருச்சானூர்,
9 மே 2025

அக்கா,

அம்மா நலம். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நீ போயி நின்னுருக்கணும்டி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

பாஸ்கரை அனுப்பியது நான்தான். பாயசக் கதையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் செய்கிறோம். ஒருவர் போய் வந்தவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் தூரத்திலிருந்து எடுப்பார். நீ அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அது பொய்யில்லை. அவர் வந்து உட்காருவதற்கு முன்பே உன் முகத்துக்கு ஃபோகஸ் வைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை. இரண்டில் எது முதலில் வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை.

போர்டை நேற்று இறக்கிவிட்டேன். பாஸ்கரோடு பெரிய சண்டை. என் பேரையும் எடுத்துவிட்டார், எடுக்கட்டும். ஸ்டுடியோ பக்கத்திலிருந்தும் படத்தை நீக்கியாகிவிட்டது. மூலப்படம் மட்டும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இந்த மாசக் கடைசியில் அதையும் அழித்துவிடுவேன். இனி அந்தப் படம் எங்கேயும் இருக்காது. உனக்கு ஒரு தொந்தரவும் வராது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. மங்கையைப் பார்க்க வரலாமா?

ஹரிதா

*

சித்தூர்,
16 மே 2025

ஹரிதாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மங்கைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. நான் லேபில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. நாள் முழுக்க ஊசி, ரத்தம். எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம் சொல், எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

முந்தாநாள் மூத்தார் வந்திருந்தார். மங்கைக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். அவளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கிளம்பும்போது படியில் நின்று சொன்னார்: "அந்தப் படத்த எடுத்துட்டாங்களாமே. மண்டில பேசிக்கினாங்க. தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, அதான் எடுத்துட்டாங்க."

அவர் போன பிறகு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன்மேல்தான் வந்தது, பழையபடி, குறையாமல்.

படத்தைப் போடும்போது நீ என்னைக் கேட்கவில்லை. எடு என்று நான் கெஞ்சியபோது எடுக்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் முன்னால் நின்று, 'ஆமாம், நான்தான், சிரித்தேன்' என்று நான் சொல்லி முடித்த பிறகு இறக்குகிறாய். அப்போதும் என்னைக் கேட்கவில்லை. நான் தலை நிமிர்ந்து சொன்னதை நீ இப்போது குற்றமாக்கிவிட்டாய். மாசக் கடைசியில் அழிக்கப்போகிறாயாம். யாரைக் கேட்டு? உன் போர்டு, உன் பேர், உன் சண்டை. எல்லாம் உன்னுடையது, சரி. முகம் யாருடையது?

ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு மூத்தார் நீட்டிய போனில் ஒரு நொடி பார்த்ததுதான். மண்டியில் பார்த்தார்கள், ஹைதராபாத்தில் பார்த்தார்கள், அம்மா ரோட்டில் நின்று பார்த்தாள், ஆட்டோவில் போனவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை.

அதை அழிக்காதே. நல்ல தாளில் ஒன்று அச்சடித்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டுவா. எதிரில் உட்கார். கேமரா கொண்டுவராதே. நான் பார்த்துவிட்டு, அதை வைத்துக்கொள்வதா, கிழிப்பதா, மறுபடி ரோட்டில் மாட்டுவதா என்று சொல்கிறேன். நீ கேட்டுக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன். மங்கைக்கு அந்த மஞ்சள் கவுனை எடுத்துவர வேண்டாம். வெறுங்கையோடு, அந்தப் படத்தோடு வா.

அகிலா